புத்தகத்துக்கு ஈரப்பதம் பார்த்த வெள்ளிக்கிழமை

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் நூலகத்தில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நூலகர் மேடம் ஒன்று. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் இரண்டு. கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் மூன்று. குரூப் ஃபோர் பரீட்சைக்குப் படிக்கிற பெண் நான்கு. ஐந்தாவது நான், எதிர் வீட்டில் தையல் மெஷின் போட்டிருப்பவள். மழைக்கு ஒதுங்கிய ஆடு ஒன்றும் வாசல்படியில் நின்றது. அது வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவில்லை, ஆகையால் கணக்கில் சேராது. இவ்வளவு சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாவட்ட அலுவலகத்திலிருந்து பிறகு வந்தவர் கேட்ட முதல் கேள்வியே, "அன்னைக்கு யார் யார் இருந்தீங்க?" என்பதுதான். ஆட்டையும் சேர்த்துத்தான் அவரிடம் சொன்னேன். விட்டுவிட்டால் பின்னால் அதுவே பெரிதாகிவிடுமோ என்று பயம்.

நான் ஒன்பதாம் வகுப்பில் அரைப்பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கவலைப்படுவதில் மட்டும் மேல்படிப்பு வரை போயிருக்கிறேன். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். ஜாக்கெட்டுக்கு மூன்று தடவை அளவெடுப்பேன். மூன்று தடவையும் மூன்று அளவு வரும், அதற்கு வேறு தனியாகக் கவலைப்படுவேன். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு எதிரே போய்ப் பேப்பர் படிப்பது வழக்கம். அங்கே ஒரு முறை உண்டு. கண்டக்டர் சார் பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து, டிக்கெட் கிழிப்பது போல ஆளுக்கு ஒன்று கொடுப்பார். தங்கம் விலை வரும் தாள் பாய்க்கு. வேலைவாய்ப்புச் செய்தி குரூப் ஃபோருக்கு. அந்தப் பெண்ணை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கல்யாணமாகி மூன்று வயதில் குழந்தை இருக்கிறது, பரீட்சை எழுதுவது இது நாலாவது முறை. எனக்கு விபத்துச் செய்தி உள்ள தாள்.

"இந்தாங்கம்மா, இன்னைக்கு உங்களுக்கு நிறையவே வந்திருக்கு" என்று சொல்லித்தான் நீட்டுவார்.

அன்று மேடம் ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். மறுநாள் வெள்ளி, நூலகத்துக்கு வார விடுமுறை. அதற்கடுத்து இரண்டாம் சனி, அதுவும் விடுமுறை. கீழ்வேளூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு வளைகாப்பு.

"டெய்லரம்மா, சாவிய நீங்க வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில வந்து வாங்கிக்கிறேன்" என்றார்.

"நானா? எனக்கெதுக்கு மேடம்? கண்டக்டர் சார்கிட்ட கொடுங்களேன்."

"அவரு சட்டப்பையில போட்டு, சட்டையோட சேத்து ஊற வச்சிருவாரு."

"அது ஒரே ஒரு தடவ நடந்தது" என்றார் கண்டக்டர்.

"பூட்டுனத நாலு தடவ இழுத்துப் பாக்குற ஆளு நீங்கதான். எனக்கு இப்ப அந்த மாதிரி ஆளுதான் வேணும்."

அவர் அப்படிச் சொன்னதற்கு அர்த்தம் எங்கள் நாலு பேருக்குமே தெரியும். அந்த மாதக் கடைசியில் மேடத்துக்குப் பணி ஓய்வு. திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஆள் வந்து புத்தகங்களை எண்ணப் போகிறார். குறைந்தாலும் சரி, கெட்டுப்போயிருந்தாலும் சரி, மேடத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். அவர் பேரில் நிலுவை எதுவும் இல்லை என்று ஒரு தாள் கொடுத்தால்தான் ஓய்வுப் பணம் வெளியே வரும். மகளுடைய பிரசவச் செலவை மேடம் அந்தப் பணத்தை நம்பித்தான் ஏற்றுக்கொண்டிருந்தார்.

நான் பூட்டை இழுத்துப் பார்த்தேன். நாலு தடவை. ஒரு தடவையாவது அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

விடிய விடிய மழை. காலையில் ஏழு மணிக்கு வெயில் எட்டிப் பார்த்ததும், மனசு கேட்காமல் ஐந்தாவது தடவை பூட்டை இழுக்கப் போனேன். பூட்டு கல்லு மாதிரி இருந்தது. ஆனால் கதவுக்குப் பின்னால் யாரோ நிதானமாகச் சொடக்குப் போடுவது போல ஒரு சத்தம். திறந்தேன். மொட்டை மாடியில் தண்ணீர் இறங்கும் ஓட்டையைப் பக்கத்து வேம்பின் இலை அடைத்திருக்கிறது. மாடி முழுக்கத் தண்ணீர் கட்டி, கூரை ஓரத்தில் வழி கண்டுபிடித்து, பின்சுவரை ஒட்டிய இரண்டு அலமாரிகள் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

முதலில் கண்டக்டர் சாருக்குப் போன் போட்டேன்.

"எத்தன புத்தகம் நனைஞ்சிருக்கு?"

"எண்ணலைங்க சார். எண்ணினா தெரிஞ்சிரும்."

பத்து நிமிஷத்தில் அவர் வந்தார். பாய் கடையைத் திறக்காமலே வந்தார். குரூப் ஃபோர் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தாள். பாய் மாடிக்கு ஏறி இலையை அள்ளி வீச, தண்ணீர் தபதபவென்று இறங்கியது. கீழே நாங்கள் மூன்று பேரும் புத்தகங்களை மேஜைமேல் இறக்கினோம். நூற்று அறுபத்து மூன்று. சில ஓரம் மட்டும் நனைந்தவை, சில பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும்.

"மேடத்துக்குச் சொல்லிருவோமா?" என்றேன்.

"வளைகாப்பு வீட்டுல இருக்கற பொம்பளைகிட்ட இதச் சொல்லுவாங்களா?" என்றார் கண்டக்டர். "வெயில் அடிக்குதும்மா. வெளிய பாருங்க."

வெளியே பார்த்தேன். குறுவை அறுத்தவர்கள் சாலையின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். ஈரப்பதம் பதினேழு சதவீதத்துக்கு மேலே இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஆகவே வெயிலைக் கண்டால் எங்கள் ஊரில் தார்ச்சாலை களமாகிவிடும். ஓரத்தில் கல் வரிசை வைத்துவிட்டால் பஸ்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். நனைந்தது எதுவாக இருந்தாலும் ரோட்டில் போடு என்பதுதான் நாங்கள் அறிந்த ஒரே வைத்தியம். நாலு பேரில் ஒருவருக்குக்கூட வேறு எதுவும் தோன்றவில்லை. வீட்டில் ஃபேன் இருக்கிறது என்பது எனக்கு மறுநாள்தான் ஞாபகம் வந்தது.

பாய் கடையிலிருந்து இரண்டு தார்ப்பாய் வந்தது. நெல் முடிந்த இடத்திலிருந்து புத்தகங்களைப் பிரித்து வைத்துக்கொண்டே போனோம். கல் வரிசையையும் நீட்டினோம். கண்டக்டர் சார் நடுரோட்டில் நின்று, வருகிற வண்டியை எல்லாம் விசிலடித்து ஒதுக்கினார். வேலையில் இருந்தபோதுகூட அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று பாய் சொன்னார்.

சிக்கல் கிளறும்போதுதான் வந்தது. நெல்லைக் கிளறுவது காலால்தான். பாதத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தால் கோடு கோடாகப் பிரிந்து அடி ஈரம் மேலே வரும். சின்ன வயசிலிருந்து பழகிய கால், அது யாரையும் கேட்டுக்கொண்டு நகர்வதில்லை. அரை மணி கழித்து ஒரு புத்தகத்தைத் திருப்பிப் போட என் கால் தானாகப் போனது. பட்டதும் பதறிப்போய்க் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அடுத்த புத்தகத்திலும் அதேதான். நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கோடியில் குரூப் ஃபோரும் கால் வைக்கிறாள், குனிகிறாள், ஒற்றிக்கொள்கிறாள்.

"என்ன தங்கச்சி இது, தோப்புக்கரணமா?" என்றார் பாய். "கையால திருப்புங்க. இப்படியே போனா நூத்தி அறுபத்து மூணுக்கும் மன்னிப்பு கேட்டு இடுப்பு ஒடிஞ்சிரும்."

சொல்லிவிட்டு அவரே ஒன்றைக் காலால் தள்ளினார். அவரும் குனிந்தார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார், அது விசிலாகவே வந்தது.

பன்னிரண்டு மணிக்குக் கொள்முதல் நிலையத்து பில் கிளார்க் பைக்கில் வந்தார். வார இதழ்களின் நடுப்பக்கத்துக்காக நூலகத்துக்கு வருகிற ஆள். கல் வரிசையைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

"என்ன ரகம் இது?" என்றார்.

"கொஞ்சம் கத, கொஞ்சம் கட்டுர, பாதிக்கு மேல பொது அறிவு" என்றாள் குரூப் ஃபோர்.

நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். "சார், உங்ககிட்ட ஈரம் பாக்குற மெஷின் இருக்குமே. ஒரே ஒரு தடவ வச்சுப் பாருங்க. உள்ள வைக்கலாமா, இன்னும் காயணுமான்னு தெரிஞ்சா நிம்மதியா இருக்கும்."

"அதுல நெல்லப் போட்டு அரைச்சுத்தான் பாக்கணும். புத்தகத்த அரைக்கவா?"

"அரைக்க வேணாங்க."

என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரோ என்னவோ, ஒரு புத்தகத்தை எடுத்து, நெல்லைக் கடித்துப் பார்ப்பது போலத் தாளின் ஓரத்தை முன்பல்லால் கடித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"இருபத்திரண்டு இருக்கும்."

"அய்யய்யோ, அஞ்சு கூட இருக்கே!"

"எடுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, சிரிக்காமல் பைக்கை உதைத்துக் கிளம்பினார். அவர் விளையாடினார் என்பது எனக்கு உறைக்க மூன்று மணி ஆகிவிட்டது. அதுவரை இருபத்திரண்டு என்ற எண்ணை நம்பி, வெயில் பக்கமாக ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்கு வாரி உள்ளே கொண்டுபோனோம். நெல் காய்ந்தால் சுருங்கும். புத்தகம் காய்ந்தால் உப்பும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொன்றும் மயில் தோகை விரித்தது போல நின்றது. அட்டைகள் அப்பளமாக வளைந்துவிட்டன. இரண்டு அலமாரியில் இருந்தவை இப்போது மூன்று அலமாரிக்கும் அடங்காது போலிருந்தது.

"அமுக்கணும்" என்றார் பாய். கடையிலிருந்து பலகைகளும் பத்து மூட்டை சிமெண்டும் தள்ளுவண்டியில் வந்தன. புத்தகங்களை அடுக்கி, மேலே பலகை போட்டு, அதன்மேல் மூட்டைகளை ஏற்றினோம். நூலகமா, கட்டடம் கட்டுகிற இடமா என்று சந்தேகம் வரும்படி ஆயிற்று.

அமுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பதினொன்று தனியாகத் தெரிந்தன. பளபளவென்று வழவழத்தாளில் அச்சான புத்தகங்கள். வெயிலில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்லாகிவிட்டன. குரூப் ஃபோர் ஒன்றை நகத்தால் பிரிக்கப் பார்த்தாள், எழுத்தோடு உரிந்து வந்தது.

"அக்கா, இதுல நான் இன்னும் பாதிகூடப் படிக்கலக்கா" என்றாள்.

அன்றும் மறுநாளும் மேடத்துக்கு ஏழு தடவை போன் செய்தேன். முதல் தடவை, "வளைகாப்பு நல்லா நடந்துச்சா?" என்று கேட்டேன். இரண்டாம் தடவை, "எத்தன வக சாதம்?" மூன்றாம் தடவை, "வளையல் பத்துச்சா?" ஏழாவது தடவை நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே கேட்டார்.

"டெய்லரம்மா, நூலகம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்ப நாளைக்கு வந்து பாத்துக்குறேன். நீங்க தூங்குங்க."

ஞாயிறு காலை பஸ்ஸிலிருந்து இறங்கி, புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிய பையோடு நேராக வந்துவிட்டார். நான் ஒன்றும் மறைக்காமல், ஆரம்பத்திலிருந்து ஆடு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். பாயும் கண்டக்டரும் மூட்டைகளை இறக்கினார்கள். மேடம் மேலே இருந்த புத்தகத்தை எடுத்து விரித்தார். நடுவிலிருந்து நாலு நெல்மணி உதிர்ந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்ததை விரித்தார், அதிலும் உதிர்ந்தது.

"வெத நெல்லுக்கு ஆச்சு" என்றார்.

பிறகு நான் அந்தப் பதினொன்றையும் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து, விலை அச்சான பின்னட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். விரலை மடக்கிக் கூட்டுவது தெரிந்தது.

"பணம் போனாக்கூடப் பரவாயில்ல. இது பைசல் ஆகுற வரைக்கும் அந்தத் தாளக் குடுக்க மாட்டாங்க. அவளுக்குத் தேதி நெருங்குது" என்றார். பதினொன்றையும் அடுக்கி வைத்துவிட்டு, "உங்க மேல தப்பு இல்ல" என்றும் சொன்னார். திட்டியிருந்தால் அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

திங்கட்கிழமை வந்தவர் மூக்குக்கண்ணாடியும் துணிப்பையுமாக, பொறுமையான மனுஷர். யார் யார் இருந்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆட்டை எழுதவில்லை. உப்பிய புத்தகங்களில் பத்துப் பன்னிரண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"படிக்க முடியுதா? முடியுது. அப்ப சரி."

பதினொரு செங்கல்லையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நனைஞ்சத அப்படியே உள்ள விட்டு, ஒரு போட்டோ எடுத்து, கட்டடம் ஒழுகுதுன்னு எழுதியிருந்தீங்கன்னா தள்ளுபடி ஆயிருக்கும்மா. நீங்க காப்பாத்திட்டீங்க. அதான் சிக்கல். பதிவு இல்லாம வெளிய போன புத்தகம், வெளிய கெட்டுப்போயிருக்கு. பொறுப்பு நூலகருக்குத்தான் வரும்."

கண்டக்டர் சார் தொண்டையைச் செருமினார். என் வாய் தானாகத் திறந்தது.

"சார், மேடம் வெளிய எடுத்துட்டுப் போகல. சாவி எங்கிட்ட இருந்துச்சு. நான்தான் எடுத்துட்டுப் போனேன். அந்தப் பொறுப்ப எம்பேர்ல எழுத முடியாதா?"

அவர் என்னைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போனவங்க எழுத்துல ஒத்துக்கிட்டு விலையக் கட்டுறதுன்னா எழுதலாம். நூலகர் பேர்ல வராது. உங்க உறுப்பினர் எண் என்ன?"

எனக்கு உறுப்பினர் எண் இல்லை. பதினோரு வருஷமாகத் தினமும் வருகிறேன், ஒரு புத்தகம் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. எண்ணெய் பட்டுவிட்டால்? கத்தரிக்கோல் பட்டுவிட்டால்? அந்தப் பயத்தில் சேரவே இல்லை.

"பதினோரு வருஷமா டிக்கெட் இல்லாமலா?" என்றார் கண்டக்டர், உண்மையாகவே அதிர்ந்து போய்.

மேடம் மேஜையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். பேர் எழுதினேன், விலாசம் எழுதினேன். கல்வித் தகுதி என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'ஒன்பதாம் வகுப்பு, அரையாண்டு வரை' என்று எழுதினேன்.

"அரையாண்டெல்லாம் வேண்டாம்மா" என்றார் அலுவலகத்துக்காரர்.

"இருக்கட்டுங்க. நாளைக்கு யாராவது விசாரிச்சா?"

பதினொன்றையும் என் பேரில் எழுதச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "ஒரு அட்டைக்கு மூணுதான்."

"அப்ப எனக்கு மூணு எழுதுங்க" என்றார் பாய். கண்டக்டர் மூன்று விரலைக் காட்டினார். மிச்சம் இரண்டு. குரூப் ஃபோர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது ரெண்டும் எனக்கு. எப்படியும் நான்தான் படிக்கணும்" என்றாள். படிக்கவே முடியாத புத்தகத்தை அவள் அப்படிச் சொன்னதும் மேடம் எழுந்து குடத்துப் பக்கம் போய்விட்டார், தண்ணீர் குடிப்பது போல.

எந்த மூன்று யாருக்கு என்று பிரித்தபோது, விலை அதிகமான மூன்றை நானே எடுத்துக்கொண்டேன். நானூற்று இருபது, முந்நூற்று எழுபத்தைந்து, இருநூற்றுத் தொண்ணூறு. பாய் தடுத்தார். சாவி என் இடுப்பில்தானே இருந்தது என்றேன். பாயும் கண்டக்டரும் தங்கள் பங்கை அன்றே கட்டிவிட்டார்கள். குரூப் ஃபோர் மறுவாரம் கட்டினாள். கையில் மொத்தமாக இல்லாததால் எனக்கு மட்டும் தவணை எழுதிக் கொடுத்தார்கள்.

மாதக் கடைசியில் மேடம் நிலுவை இல்லை என்ற தாளை வாங்கிக்கொண்டு போனார். மகளுக்குப் பெண் குழந்தை. போனில் அழுகைச் சத்தம் கேட்க வைத்தார். இப்போது இருப்பவர் சின்ன வயசு நூலகர். மழை இருட்டினால் என்னைக் கேட்காமலே மாடிக்கு ஏறி இலை அள்ளுகிறார். தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட் காசில் இருநூறு, பொங்கலுக்கு இருநூறு, போன வாரம் இருநூறு கட்டியிருக்கிறேன். ரசீதுகளை அரிசி டப்பாவில் வைத்து, பிறகு பூச்சி வருமோ என்று எடுத்து, பீரோவில் வைத்திருக்கிறேன். இன்னும் நானூற்று எண்பத்தைந்து ரூபாய் பாக்கி.